பதினாலில் நின்ற போர்டு

கடலூர் செம்மண்டலத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் கலைமணியின் கணக்குப்படி உலகத்தில் இரண்டே வகை ஜனங்கள். ஒன்று கலைமணி. மற்றது, ஒயர் செருகியிருக்கிறதா என்று குனிந்துகூடப் பார்க்காமல் போன் போடுகிற ஜென்மங்கள்.

அந்த இரண்டாவது வகையில் பெரிய பெரிய ஆளெல்லாம் அடக்கம். ஒரு பேங்க் மேனேஜர் இருந்தார். மானிட்டரை அணைத்துவிட்டு, கம்ப்யூட்டரையே அணைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு பத்து வருஷம் கம்ப்யூட்டர் பாடம் நடத்திய ஒரு பேராசிரியர் இருந்தார். ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைக்கிறேன் பேர்வழி என்று நெட் ஒயர் செருகுகிற ஓட்டைக்குள்ளும் விரலை விட்டு அப்பி வைத்த ஆடிட்டர் ஒருவர் இருந்தார். "பரவாயில்ல சார், சாமிக்கு கனெக்‌ஷன் போயிடுச்சி. ஒங்களுக்குத்தான் போகல" என்று அவர் மூஞ்சிக்கு நேராகவே சொல்லிவிட்டுத்தான் கலைமணி திருப்புளியை எடுத்தான். இவ்வளவு வாய்க்கொழுப்பு இருந்தும் ஆட்கள் அவனைத் தேடி வந்தார்கள். வேலை சுத்தம். மற்ற கடைக்காரன் ரெண்டு நாள் வைத்திருந்து உதட்டைப் பிதுக்குவதை இவன் அரை மணியில் முடித்துக் கொடுப்பான். ஆனால் "நீ சொல்றது சரி" என்கிற வார்த்தை அவன் வாயிலிருந்து வந்ததாக, கட்டிய பெண்டாட்டி உட்பட ஒருவருக்கும் ஞாபகம் இல்லை.

பிறந்தது குமராட்சி. கொள்ளிடத்தில் தண்ணீர் வந்தால் நெல் போகும், வராவிட்டாலும் நெல் போகும் என்கிற ஊர். "இதுல ஒழண்டு என்னா கிழிக்கப் போற" என்று அப்பன் அவனைச் சிதம்பரத்துக்குப் படிக்க அனுப்பினார். அவன் காலேஜில் இருந்ததைவிட, கீழ வீதியில் மாடிப்படிக்கு அடியில் இருந்த ஒரு பிரௌசிங் சென்டரில் இருந்ததுதான் ஜாஸ்தி. அந்த சென்டர்காரர் விண்டோஸ் வாங்க வக்கில்லாமல் இலவசமான லினக்ஸ் போட்டு வைத்திருந்தார். லினக்ஸ் ஏறியது, நெட் ஏறவில்லை. நெட்வொர்க் கார்டுக்கு டிரைவர் இல்லை. கார்டு பேசுகிற பாஷை சிஸ்டத்துக்குப் புரியாது, சிஸ்டம் பேசுவது கார்டுக்குப் புரியாது. நடுவில் நின்று சொல்லிக் கொடுக்கிற துபாஷிதான் டிரைவர். துபாஷி இல்லாமல் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஊமையாக உட்கார்ந்திருந்தன. கலைமணி மூன்று நாள் காலேஜுக்கு மட்டம் போட்டு, யாரோ ஒரு வெளிநாட்டுக்காரன் இலவசமாக எழுதி வைத்திருந்த டிரைவரைத் தேடி எடுத்து, திருத்தி, சிஸ்டத்தில் ஏற்றினான். கார்டின் முதுகில் கடுகளவு விளக்கு ஒன்று பச்சையாக மினுக்கியது. இருபது வயசுப் பையனுக்கு அழுகையே வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தால், சென்டர்காரர் டீ குடித்துக்கொண்டே, "என்னப்பா, ஒயர் லூசா இருந்துச்சா?" என்றார். மனித குலத்தின் மேல் கலைமணிக்கு இருந்த மரியாதை அன்றோடு சரி.

அவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. அவன் அம்மா சீராகக் கொண்டுவந்த குடம், குத்துவிளக்கு, கரண்டி வரைக்கும் தாத்தா பேரும் ஊர்ப் பேரும் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். விசேஷத்துக்கு இரவல் போன பாத்திரம் மாறிவிடக் கூடாதே என்று பாத்திரக்கடையிலேயே வெட்டி வாங்குவது. கலைமணி அதையே கம்ப்யூட்டருக்குள் செய்தான். எந்த மெஷினில் எந்த ஃபைலில் கை வைத்தாலும் தலைப்பில் ஒரு குறிப்பு: கலைமணி, குமராட்சி, தேதி, நேரம். சிஸ்டம் அந்த வரியைப் படிக்காது, தாண்டிப் போய்விடும். மனுஷன்தான் படிக்க வேண்டும். பின்னால் திறந்து பார்க்கிற எந்த அரைவேக்காடுக்கும் இது யார் செய்த வேலை என்று தெரிய வேண்டாமா? வாய் செத்துப்போன வாடிக்கையாளர்களிடமிருந்து கிடைக்காத பாராட்டை அவன் தனக்குத் தானே வெட்டிக்கொண்டான்.

அவன் அதிகமாக ஏசியது யாரை என்றால், கூடப்பிறந்த தங்கச்சியைத்தான். சௌந்தரத்தைச் செம்மங்குப்பம் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தது. சிப்காட் கம்பெனிகளின் மதில் சுவர் முடிகிற இடத்திலிருந்து மூன்றாவது தெரு. அவள் மகள் இலக்கியாவுக்கு ஒன்பது வயசு. பத்துப் பதினொரு வாரமாகப் பிள்ளைக்கு விடியக்காலையில் நெஞ்சு இழுத்துக்கொண்டது. சௌந்தரம் அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, ராவுல ஒரு நாத்தம் வருதுண்ணே. கண்ணு எரியிது. பாப்பாவுக்கு மூச்சு வாங்குது."

"கொசுவத்திய நிறுத்து. தானா சரியாப்பூடும்."

"கொசுவத்தி இல்லண்ணே. கம்பெனி வாசல்ல புகை எவ்ளோன்னு நம்பர் போடுற போர்டு ஒண்ணு வச்சிருக்கான்ல, அது ரெண்டரை மாசமா பதினாலுலயே நிக்கிது. காத்தடிச்சாலும் பதினாலு, மழ பேஞ்சாலும் பதினாலு. அது எப்டிண்ணே?"

"ஐம்பதத் தாண்டக் கூடாது. பதினாலுன்னா கம்மி. கம்மின்னா நல்லது. எட்டாவது தாண்டாதவ எனக்கு கம்ப்யூட்டர் சொல்லித் தர வந்துட்டா. வைடி போன."

ஒரு நாள் கார்த்தால ஐந்து மணிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கடலூர் பெரியாஸ்பத்திரிக்கு ஓடினாள். அன்றைக்கும் அவன், "புள்ளைய ஐஸ்கிரீம் தின்ன வுட்டுட்டு போர்டு மேல பழி போடாத" என்றான். கூடவே ஆப்பிளும் ஆர்லிக்ஸும் வாங்கிக்கொண்டு போனான் என்பதையும் சொல்ல வேண்டும். அவன் பாசம் எப்போதும் வசவுக்குப் பின்னால் பை தூக்கிக்கொண்டு வரும்.

இப்படி இருக்கையில் போன புதன்கிழமை அதே கம்பெனியிலிருந்து போன் வந்தது. பேசியவர் ஸ்ரீதர், புகை, கழிவு சம்பந்தப்பட்டதைக் கவனிக்கிற மேனேஜர். நல்ல பாலிஷான குரல், சொல்லுக்குச் சொல் சார் போடுகிறவர்.

"கலைமணி சார், நம்ம சிம்னி சிஸ்டம் இருக்கு இல்லையா, அதுல நெட்வொர்க் கார்டு வேலை செய்யல. லினக்ஸ் அப்டேட் ஆனதுலேர்ந்து டிரைவர் சப்போர்ட் போயிடுச்சு. நாளைக்கு மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசருங்க வராங்க. சப்போர்ட் இல்லன்னு உங்க லெட்டர்பேட்ல ரெண்டு வரி எழுதிக் குடுத்துட்டா போதும் சார்."

"சப்போர்ட் இல்லன்னு எவன் சொன்னான்?"

"எங்க ஐ.டி. பசங்க."

"அவுனுங்களுக்கு மவுஸ் புடிக்கத் தெரியுமா மொதல்ல? நான் வந்து பாக்குறேன்."

"நீங்க சிரமப்பட வேணாம் சார். லெட்டர் மட்டும்..."

"பாக்காம எழுதுற பொழப்பு எனக்கு இல்ல சார்" என்று வைத்துவிட்டான். லினக்ஸைப் பற்றி எவனாவது தப்பாகப் பேசினால் அவனுக்குப் பொறுக்காது. அந்தச் சிம்னி மெஷினுக்கு லினக்ஸ் போட்டுக் கொடுத்ததே அவன்தான். அதில் டிரைவர் இல்லை என்று அவன் கையாலேயே எழுதித் தர வேண்டுமாம். என்ன தைரியம்!

பதினோரு மணிக்குக் கம்பெனி வாசலில் வண்டியை நிறுத்தினான். கேட்டுக்கு மேலே போர்டில் சிவப்பு எழுத்தில் 14 எரிந்துகொண்டிருந்தது. பார்த்தான். ஒன்றும் தோன்றவில்லை.

சிம்னிக்கு அடியில் ஒரு சின்ன ஏ.சி. ரூம். உள்ளே அந்தக் கம்ப்யூட்டர். அதில் இரண்டு நெட்வொர்க் கார்டு. ஒரு கார்டு வழியாகப் புகையை அளக்கிற கருவியிலிருந்து நம்பர் உள்ளே வரும். இன்னொரு கார்டு வழியாக அந்த நம்பர் வாசல் போர்டுக்கும், அரசாங்கத்து சர்வருக்கும் வெளியே போகும். உள்ளே வருகிற கார்டு நன்றாக இருந்தது. வெளியே போகிற கார்டுதான் செத்துக் கிடந்தது. விளக்கு இல்லை.

கலைமணி உட்கார்ந்தான். பின்னால் ஸ்ரீதர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சட்டையில் மடிப்புக் கலையாத ஆள்.

மெஷினில் என்னென்ன கார்டு செருகியிருக்கிறது என்று முதலில் கேட்டான். இரண்டும் இருப்பதாகப் பதில் வந்தது. "கார்டு உசுரோடதான் சார் இருக்கு." அடுத்து டிரைவர் இருக்கிறதா என்று பார்த்தான். இருந்தது. போன வருஷம் எங்கே இருந்ததோ அங்கேயே குத்துக்கல்லாட்டம் இருந்தது. "டிரைவரும் இருக்கு. சப்போர்ட் இல்லன்னு சொன்னவனக் கூப்புடுங்க, மூஞ்சியக் கொஞ்சம் பாத்துக்குறேன்." ஸ்ரீதர் கூப்பிடவில்லை. கலைமணி டிரைவரைக் கையால் ஏற்றிப் பார்த்தான். சிஸ்டம் மறுத்துவிட்டது. இன்னொரு தடவை அடித்தான். மறுபடியும் மறுப்பு.

கலைமணிக்குச் சிரிப்பு வந்தது. இது பழுது இல்லை, பூட்டு. இந்த டிரைவரை யார் கேட்டாலும் ஏற்றாதே என்று எவனோ ஒருவன் சிஸ்டத்துக்கு உத்தரவு எழுதி வைத்திருக்கிறான்.

"எவனோ வேணும்னே நிறுத்தியிருக்கான் சார். ஒரு வரி எழுதி நிறுத்திட்டு, அவன் பாட்டுக்குப் போயிட்டான். திரும்ப எடுக்கணும்கிற புத்தி கூட இல்ல. சோத்துல உப்பு போட்டுத் திங்கிறவனா இருந்தா இப்டிப் பண்ணுவானா? இந்த மாதிரி ஆளுங்களத்தான் சார் நான் கடைப் பக்கமே சேக்கிறதில்ல. என்னா ஏதுன்னு கேக்க மாட்டான், சொன்னாச் செஞ்சிருவான். மாடு!"

ஸ்ரீதர் தொண்டையை மட்டும் செருமினார்.

அந்த மாதிரி உத்தரவுகளைப் போட்டு வைக்கிற ஃபோல்டரைத் திறந்தான். ஏழெட்டு ஃபைல். கடைசியாக இருந்ததைத் திறந்தான். முதல் வரி: கலைமணி, குமராட்சி. பக்கத்தில் தேதி. பக்கத்தில் நேரம், பகல் பன்னிரண்டு பத்து.

கையை மவுஸிலிருந்து எடுத்துவிட்டான்.

அந்தத் தேதி எது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. சிதம்பரத்தில் பொன்னம்பலம் வீட்டுக் கல்யாணம். பொன்னம்பலம் காலேஜ் நாளிலிருந்து சிநேகிதன். முதல் பந்திக்கு இலை போட்டாகிவிட்டது. அப்போதுதான் இதே ஸ்ரீதர் போன் செய்தார். "சார், கருவியோட அளவைச் சரிபார்த்து காலிபரேஷன் பண்றோம், தப்புத் தப்பா நம்பர் போகும், ஒரு பத்து நாள் வெளிய போற கார்டை நிறுத்தி வைக்க முடியுமா?" கலைமணி மடியில் லேப்டாப்பைத் திறந்து, தூரத்திலிருந்தே மெஷினுக்குள் நுழைந்து, ஒரு வரி எழுதினான். வெறும் தடை போதாது, எந்த மடையனும் திறந்துவிடக் கூடாது என்று கெட்டியாகவே எழுதினான். பேரை வெட்டினான். மெஷினை அணைத்து எழுப்பினான். கனெக்‌ஷன் அறுந்தது. சாம்பார் வந்தது. பத்து நாள் கழித்து எடுத்தார்களா என்று அவன் கேட்கவே இல்லை. காலிபரேஷனுக்குப் பத்து நாள் எதற்கு என்றும் கேட்கவில்லை. ஸ்ரீதர் மாதிரி ஆளிடம் கேட்க என்ன இருக்கிறது என்ற இளக்காரம். பாயசம் சாப்பிடும்போதே மறந்துபோனான்.

"இப்ப பாத்துட்டீங்க" என்றார் ஸ்ரீதர் மெதுவாக. "அதனாலதான் சார், வர வேணாம்னு சொன்னேன். நான் கேட்டது வாயால. போன்ல. எழுத்துல இருக்கறது உங்க பேருதான். லெட்டர்ல கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா இந்த ஃபைலை அழிச்சிடலாம். புது கார்டு வாங்கறோம், முடிஞ்சுது. போடலன்னா, நாளைக்கு ஆபீசருங்களே திறந்து படிச்சுக்குவாங்க."

அடப்பாவி! கலைமணிக்குக் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. இத்தனை நாள் எந்த மனுஷனை ஒயர் செருகத் தெரியாத ஜென்மம் என்று நினைத்திருந்தானோ, அந்த மனுஷன் அவன் பேரையே எடுத்து அவன் கழுத்தில் மாட்டி, பதினோரு வாரம் பத்திரமாக வைத்திருக்கிறான். ஐ.டி. பசங்களுக்குத் தெரியவில்லையாம். எல்லாம் தெரிந்திருக்கிறது.

அனுப்ப முடியாமல் மெஷினுக்குள்ளேயே சேர்ந்து கிடந்த நம்பர்களைத் திறந்து பார்த்தான். பகலெல்லாம் இருபது, முப்பது. ராத்திரி ஒரு மணிக்கு மேல் தொண்ணூறு, நூற்றுப் பத்து. ஒரு நாள் மூன்று மணிக்கு இருநூற்றுப் பன்னிரண்டு. அந்தத் தேதியைத் திரும்பத் திரும்பப் பார்த்தான். இலக்கியாவைத் தூக்கிக்கொண்டு ஓடிய தேதி. ஐஸ்கிரீம் தின்றதால் என்று அவன் சொன்ன தேதி.

எட்டாவது தாண்டாதவள். இந்த ஏ.சி. ரூமுக்குள் கால் வைக்காதவள். ரோட்டில் நின்று போர்டைப் பார்த்து, காற்றடித்தாலும் மழை பெய்தாலும் ஒரே நம்பர் எப்படி நிற்கும் என்று கேட்டாள். புது நம்பர் வராத போர்டு கடைசியாக வந்த நம்பரிலேயே நிற்கும். அந்த ஒரு கேள்வி போதும், பழுது எங்கே என்று பிடித்திருக்கலாம். இருபது வருஷம் இதே வேலை செய்கிறவனுக்கு அது உறைக்கவில்லை. காலையில் அதே போர்டின் கீழ் வண்டியை நிறுத்திவிட்டுத்தானே உள்ளே வந்தான்! மற்றவர்களைப் பார்க்கிறபோது அவனுக்கு ஊறுகிற அந்தக் கசப்பு இப்போது வாய் நிறைய ஊறியது. துப்புவதற்கு வேறு ஆள் இல்லை.

இன்னொரு வழியும் அவன் புத்தியில் ஓடாமல் இல்லை. ஃபைலைச் சத்தமில்லாமல் அழித்துவிட்டுக் கார்டை எழுப்பிவிடலாம். நம்பர் போய்விடும், அவன் பேரும் இருக்காது. யார் நிறுத்தியது என்று கேட்டால் அப்டேட் மேல் போட்டுவிடலாம். ஒரே ஒரு கமாண்ட். அதை அடிக்கக்கூட அடித்தான். என்டர் தட்டாமல் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு ஒவ்வொரு எழுத்தாக அழித்தான்.

ஃபைலைத் திறந்து, பூட்டு வரிக்கு முன்னால் மட்டும் ஒரு குறியைப் போட்டு அதைச் செல்லாததாக்கினான். பேரைத் தொடவில்லை. அதற்குக் கீழே எழுதினான்: பூட்டியவன் கலைமணி. பூட்டச் சொன்னவர் மேனேஜர் ஸ்ரீதர். ஏன் என்று கேட்கவில்லை. இன்று திறந்ததும் கலைமணி. தேதி போட்டான். நேரம் போட்டான். அதை அப்படியே தன் செல்லில் படம் எடுத்துக்கொண்டான்.

"சார், என்ன பண்றீங்க?" ஸ்ரீதரின் குரலிலிருந்து பாலிஷ் போய்விட்டது.

"டிரைவர் ஏத்துறேன்."

ஏற்றினான். கார்டின் முதுகில் கடுகளவு விளக்கு பச்சையாக மினுக்கியது. சிதம்பரத்தில் அன்றைக்கு மினுக்கிய அதே பச்சை. இன்றைக்கு அவன் கண்ணை எடுத்துத் திரைப் பக்கம் திருப்பிக்கொண்டான். அடுத்த நொடியில் பதினோரு வாரமாக அடைந்து கிடந்த நம்பர்கள் வரிசை கட்டிக் கிளம்பின. திரையின் ஓரத்தில் எத்தனை போனது என்று எண்ணிக்கை ஓட ஆரம்பித்தது.

ஸ்ரீதர் ஓடி வந்து கேபிளைப் பிடித்தார்.

"புடுங்குங்க" என்றான் கலைமணி. "எத்தினி மணி எத்தினி நிமிஷத்துக்கு அறுந்துச்சின்னு அரசாங்க சர்வர்ல தானா ஏறிக்கும். அதுக்கு என் பேரு வராது. ஒங்க பேருதான்."

ஸ்ரீதர் கை கேபிளிலேயே இருந்தது. இழுக்கவில்லை. "உங்க கடை போயிடும்யா. இனிமே சிப்காட்ல ஒருத்தன் உங்களைக் கூப்பிட மாட்டான்" என்றார்.

"தெரியும்" என்றான்.

லெட்டர்பேடை எடுத்து மேஜை மேல் வைத்து எழுதினான். கார்டு நன்றாக இருக்கிறது. டிரைவர் நன்றாக இருக்கிறது. லினக்ஸில் சப்போர்ட் இருக்கிறது. நிறுத்தியது ஆள். அதற்குக் கீழே கையெழுத்தைப் போட்டு, கிழித்து ஸ்ரீதரிடம் நீட்டினான். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. மேஜையிலேயே வைத்துவிட்டு இன்னொன்று எழுதி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். நாளைக்கு வரும் ஆபீசர்களிடம் தானே வந்து கொடுப்பது என்று எழுதும்போதே முடிவாகிவிட்டது.

எண்ணிக்கை முடிகிற வரைக்கும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. வெளியே வந்து வண்டியைக் கிளப்பப் போனபோது செல் அடித்தது. சௌந்தரம்.

"அண்ணே, எங்க இருக்க? போர்டு மாறிடுச்சிண்ணே! பால் வாங்கப் போன புள்ளைங்க ஓடியாந்து சொல்லுது. நான் போயிப் பாத்தேன். முப்பத்தியொண்ணுன்னு காட்டுது, இப்ப இருபத்தியெட்டு, மாறிகிட்டே இருக்கு. இது நல்லதாண்ணே, கெட்டதா?"

அவன் தலையைத் தூக்கி, கேட்டுக்கு மேலே பார்த்தான். இருபத்தொன்பது.

"நீ சொன்னதுதான் சரி சௌந்தரம்" என்றான். அந்த வார்த்தை நாக்கில் புரள ரொம்ப நேரம் பிடித்தது. "போர்டு நின்னுதான் கெடந்துது. ராத்திரியில ஜாஸ்தியா வுட்டுருக்கானுங்க. இருநூறுக்கு மேல போயிருக்கு. நீ இன்னிக்கே பாப்பாவ அழைச்சிகிட்டு குமராட்சிக்குப் போ. நாலு நாள் அங்க இரு."

அந்தப் பக்கம் அவள் குரல் உடைந்தது.

"எம் புள்ள சாவக் கெடந்துச்சேண்ணே. எந்தப் படுபாவிண்ணே அத நிறுத்தி வச்சான்? அவன் நல்லா இருப்பானா? அவன் கை வெளங்குமா?"

"நான்தான் சௌந்தரம்" என்றான் கலைமணி.

அவள் போனை வைக்கவில்லை. பின்னால் இலக்கியா இருமுவது கேட்டுக்கொண்டே இருந்தது.